ஈரல் பேசாத மாதங்கள்

எல்.எஃப்.டி. என்ற ஈரல் ரத்தச் சோதனை எடுத்து வந்த தாளில் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' அளவுகளுக்குத்தான். எஸ்.ஜி.பி.டி. 40-ஐத் தாண்டவில்லை, பிலிரூபின் 1-க்குக் கீழே, ஆல்புமின் 3.5-க்கு மேலே என்றால் ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறோம். வைரஸ் காமாலை, அளவுக்கு மீறி விழுங்கிய பாரசிட்டமால் போன்ற திடீர்த் தாக்குதல்களில் அந்தத் தாள் பெரும்பாலும் நம்மைக் கைவிடுவதில்லை. உடம்பில் சிறுகச் சிறுகச் சேரும் உலோக நஞ்சின் கதை வேறு. ஆர்சனிக், காட்மியம், செம்பு, ஈயம் ஆகியவற்றை எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுத்துப் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் சோதனைகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. ஈரலுக்குள் கேடு தொடங்குவதற்கும் அது ரத்தத்தில் தெரிவதற்கும் நடுவே நெடுங்காலம் ஓடிவிடுகிறது. அந்த இடைவெளியில் எடுத்த தாளைக் காட்டி 'உலோகம் ஒன்றும் செய்யவில்லை' என்பவர் மருத்துவராக இருந்தாலும் மருந்து விற்பவராக இருந்தாலும், தாள் சொல்லாததை அதன்மேல் ஏற்றிச் சொல்கிறார். (ஆர்சனிக்கை முழு உலோகமாக வேதியியல்காரர்கள் ஒப்புவதில்லை. நஞ்சியல் நூல்கள் அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தே பேசுவதால் இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.)

இந்தத் தாமதத்துக்குக் காரணம் ஈரலின் அமைப்பிலேயே இருக்கிறது. குடல் உறிஞ்சுவதில் பெரும்பகுதி போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போய்ச் சேரும். இந்த உலோகங்களில் பலவற்றுக்கும் கந்தகத்தின்மேல் தனி ஈர்ப்பு. புரதங்களில் கந்தகம் இருக்கும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கும். அதைத் தடுக்க ஈரல் செல்கள் குளூட்டாதயோன் என்ற சிறிய கந்தக மூலக்கூறை ஏராளமாகச் செய்து வைத்திருக்கின்றன. நஞ்சு முதலில் அதைத்தான் செலவழிக்கிறது. எஸ்.ஜி.பி.டி.யோ செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. செல்லின் சவ்வு உடைந்தால்தான் அது ரத்தத்துக்குள் கசியும். ஆகவே அந்த எண் காட்டுவது செல்கள் உடைவதை. உடையாமல் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் செல்லுக்குள் கையிருப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. பிலிரூபினும் ஆல்புமினும் ஈரலின் வேலைத்திறனைக் காட்டுபவைதான். ஆனால் அந்தத் திறனில் உபரி மிக அதிகம். எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் எலி பிழைக்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஈரல் பழைய எடைக்கு வளர்ந்துவிடும் என்பதை ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் 1931-லேயே காட்டிவிட்டார்கள். இவ்வளவு உபரி உள்ள உறுப்பு, முதல் சேதத்திலேயே முறையிட்டுக்கொண்டு வராது.

கொல்கத்தாவின் முதுகலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் குஹ மஜும்தார் குழுவினர் செய்து 2000-இல் வெளியிட்ட சோதனை இதை மாதக் கணக்கோடு காட்டுகிறது. சுண்டெலிகளுக்கு லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் ஆர்சனிக் கலந்த தண்ணீரை மட்டும் குடிக்கக் கொடுத்தார்கள். ஊசி இல்லை, குழாய் செருகி ஊற்றுவதும் இல்லை. கிராமத்து மனிதன் எப்படிக் குடிக்கிறானோ அப்படியே சுண்டெலியும் குடித்தது. 3, 6, 9, 12, 15 மாதங்கள் என்று தவணை வைத்து, ஒவ்வொரு தவணையிலும் சில சுண்டெலிகளின் ஈரலை எடுத்துச் சோதித்தார்கள். ஆறாம் மாதத்துக்குப் பிறகு ஈரலில் குளூட்டாதயோன் கணிசமாகக் குறைந்திருந்தது. செல் சவ்வில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் நொதியின் வேகமும் தளர்ந்திருந்தது. எஸ்.ஜி.பி.டி.யும் அதே வகை நொதியான எஸ்.ஜி.ஓ.டி.யும் ரத்தத்தில் ஏறியது பன்னிரண்டாம் மாதத்தில். அப்போது நுண்ணோக்கியில் பார்த்தால் ஈரலில் கொழுப்பு தேங்கியிருந்தது. பதினைந்தாம் மாதத்தில் நார் படிந்திருந்தது. சுண்டெலியின் ஆயுள் சுமார் இரண்டு ஆண்டு. அப்படியானால் செல்லுக்குள் கேடு ஆரம்பித்த பிறகு ஆயுளின் கால் பங்கு கழிந்துதான் நமக்குப் பழக்கமான ரத்தச் சோதனை வாயைத் திறந்திருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் அந்தச் சுண்டெலியை ஒரு பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பியிருந்தால் 'நார்மல்' என்ற தாளோடு திரும்பி வந்திருக்கும்.

இந்தச் சோதனைக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். மேற்கு வங்கத்தில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரால் வந்த ஆர்சனிக் நோயை 1983-இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா முதலில் கண்டுபிடித்தார். உள்ளங்கையில் தடிப்பு, மார்பில் மழைத்துளி தெறித்தாற்போன்ற புள்ளிகள் என்று தோலில் ஆரம்பித்த கதை அது. பின்னர் குஹ மஜும்தார் 248 நோயாளிகளைச் சோதித்தபோது நான்கில் மூன்று பேருக்கு ஈரல் வீங்கியிருந்தது. ஈரலில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுத்துப் பார்த்த 69 பேரில் 63 பேருக்குப் போர்ட்டல் குழாயைச் சுற்றி நார் படிந்திருந்தது. ஆனால் ரத்தம் பார்த்த 93 பேரில் எஸ்.ஜி.பி.டி. உயர்ந்திருந்தது ஏறக்குறையக் கால்வாசிப் பேருக்குத்தான். எஸ்.ஜி.ஓ.டி. அறுபது சதவீதம் பேருக்கு உயர்ந்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த நொதி தசையிலிருந்தும் வரக்கூடியது என்பதால் அதை வைத்து ஈரலை மட்டும் குற்றம் சொல்ல மருத்துவர்கள் தயங்குவார்கள். எப்படிப் பார்த்தாலும், துணுக்கில் தெரிந்த சேதத்தின் அளவுக்குத் தாளில் எதுவும் தெரியவில்லை.

எலிக்கு நடப்பது மனிதனுக்கு நடக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? பலரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. ஆர்சனிக் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு அழகான ஆதாரமே இருக்கிறது. எலியின் ஹீமோகுளோபினில் மனிதனிடம் இல்லாத இடத்தில் ஒரு கந்தக அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. ஆர்சனிக் அதைப் பிடித்துக்கொண்டு எலியின் சிவப்பணுக்களில் தங்கிவிடுகிறது. அதனால் ஆர்சனிக்குக்கு எலி மோசமான மாதிரி என்பது நஞ்சியலில் ஊரறிந்த செய்தி. ஆனாலும் எலிக்கு ஆர்சனிக் கொடுத்து ஈரல் பார்க்கும் கட்டுரைகள் நின்றபாடில்லை! சுண்டெலிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதற்குப் பதிலாக, ஆர்சனிக்கை மனிதனைவிட வேகமாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும் குணம் அதற்கு உண்டு. ஆக, எத்தனை மாதம், எத்தனை மில்லிகிராம் என்ற எண்களை விலங்கிலிருந்து மனிதனுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எடுத்துச் செல்லக்கூடியது வரிசை: முதலில் கையிருப்புக் கரைந்து செல் சவ்வும் தளர்கிறது, அதன்பின் நொதி கசிகிறது, கடைசியில் நார் படிகிறது. உயிரோடிருக்கும் மனிதனின் ஈரலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டிப் பார்க்க முடியாத நிலையில், இந்த வரிசையை அறிய வேறு வழி கிடையாது. வரிசையின் முதலும் முடிவும் வங்கத்து நோயாளிகளோடு ஒத்துப்போகுமா என்று கேட்டால், முடிவு ஒத்துப்போகிறது. தொடக்கத்தை எந்த நோயாளியிடமும் யாரும் பார்த்ததில்லை. நோயாளி வந்து சேரும்போது அது கடந்துபோயிருக்கிறது.

செம்பில் இந்த மௌனம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் வளர்த்த லாங் எவான்ஸ் எலிகளில் இலவங்கப்பட்டை நிற ரோமம் கொண்ட ஒரு கிளை, சுமார் நான்கு மாத வயதில் திடீரென்று காமாலை கண்டு சாவதைக் கவனித்தார்கள். அவற்றின் ஈரலை எடுத்து அளந்தபோது இயல்பான எலியைவிட நாற்பது மடங்குக்கு மேல் செம்பு இருந்தது. மனிதர்களின் வில்சன் நோய்க்குக் காரணமான அதே மரபணு இந்த எலிகளிலும் பழுதாகியிருப்பது 1994-இல் உறுதியானது. செம்பைப் பித்தநீர் வழியாக வெளியேற்றும் வாசல் அடைபட்டிருப்பதால் பிறந்ததிலிருந்தே அது ஈரலில் சேர்கிறது. எலி ஓடுகிறது, தின்கிறது, எடை போடுகிறது. நான்காம் மாதம் வந்ததும் ஒரேயடியாகச் சரிகிறது. அதற்கு முன்பே பென்சிலமின் என்ற மருந்து கொடுத்துச் செம்பை வெளியேற்றினால் காமாலையைத் தடுக்க முடிந்தது. எது காரணம், எது விளைவு என்பதில் அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் பெரும் எமனாக இருந்த ஈரல் சுருக்க நோயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஈரல் கட்டி, குலைக்கட்டி என்று பாட்டிமார் பேசிக்கொண்ட நோய் அது. 1980-களில் புனேயில் ஆனந்த் பண்டிட், ஷீலா பாவே, பிரிட்டனின் ஸ்டூவர்ட் டானர் ஆகியோர் அந்தக் குழந்தைகளின் வீடுகளில் விசாரித்தபோது, கைக்குழந்தைப் பருவத்திலேயே பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய மாட்டுப்பால் கொடுத்தது தெரியவந்தது. பாத்திரத்துச் செம்பு பாலின் புரதத்தோடு சேர்ந்து குழந்தையின் ஈரலுக்குப் போயிருக்கிறது. எவர்சில்வர் பரவியது, நோய் அரிதாகிப்போனது. பரம்பரைக் காரணமும் கூடவே இருந்திருக்கலாம் என்பார்கள், இருக்கட்டும். பாத்திரம் மாறியபோது பரம்பரை மாறிவிடவில்லையே.

காட்மியத்தின் கதை இன்னும் சூழ்ச்சி மிக்கது. எலிக்குக் காட்மியத்தை ஊசியில் அதிகமாக ஏற்றினால் ஒரே நாளில் ஈரல் அழுகி அது செத்துவிடும். ஆனால் முந்திய நாள் மிகச் சிறிய அளவு காட்மியமோ கொஞ்சம் துத்தநாகமோ கொடுத்துவிட்டு மறுநாள் அந்தப் பெரிய அளவை ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காரணம், மெட்டலோதயோனின் என்ற சிறிய புரதம். 1957-இல் மார்கோஷஸும் வேலியும் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்தது. அறுபத்துச் சொச்சம் அமினோ அமிலங்களில் இருபது கந்தகம் உள்ளவை. ஒரு மூலக்கூறு ஏழு உலோக அணுக்களைக் கட்டிப்போடும். சிறிய அளவு உலோகம் வந்ததுமே ஈரல் இதைக் குவித்துவிடுகிறது. பின்னால் வரும் பெரிய அளவு செல்லின் முக்கிய உறுப்புகளைத் தொடுமுன் பிடிபட்டுவிடும். 1990-களில் இந்தப் புரதத்தைச் செய்ய முடியாதபடி மரபணுவை மாற்றிய சுண்டெலிகள் வந்தன. அவற்றிடம் துத்தநாகத்தின் பாதுகாப்புப் பலிக்கவில்லை. இதுவரை கேட்டால் நல்ல செய்திபோல் இருக்கிறது. ஆனால் கட்டிப்போட்ட காட்மியம் எங்கே போகிறது? 1993-இல் கனடாவில் ஒரு குழு, காட்மியம் ஏற்றிய எலிகளின் ஈரலை எடுத்துக் காட்மியமே அறியாத எலிகளுக்குப் பொருத்தியது. சில வாரங்களில் அந்தப் புதிய உடம்புகளின் சிறுநீரகத்தில் காட்மியம் ஏறியிருந்தது. சிறுநீரகத்தின் நுண்குழல்களும் சிதைந்திருந்தன. காட்மியம் அந்த உடம்புக்குள் நுழைந்ததே ஈரல் வழியாகத்தான். ஈரல் தன் கடனை அடைக்கவில்லை, சிறுநீரகத்தின் பெயருக்கு மாற்றி எழுதியிருக்கிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, இலேசான மறுப்பல்ல. மெட்டலோதயோனின் இல்லாத சுண்டெலிகளுக்குக் காட்மியத்தை நாட்பட ஏற்றியபோது சிறுநீரகம் குறைவாகக் கெடவில்லை, அதிகமாகவே கெட்டது. 1998-இல் கிளாசன் குழுவினர் இதைக் காட்டினார்கள். ஈரலிலிருந்து கட்டாக வரும் காட்மியம்தான் சிறுநீரகத்தின் ஒரே எதிரி என்ற பழைய விளக்கம் அதோடு ஆட்டம் கண்டது. நான் சொல்ல வருவதற்கு அது பாதகமில்லை. கட்டிப்போடுவது உண்மையான பாதுகாப்புத்தான், ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும். ஆனால் கட்டிப்போடுவது வெளியேற்றுவது ஆகாது. மனித உடம்பில் காட்மியம் பாதியாகக் குறைய 10 முதல் 30 ஆண்டு ஆகும். அத்தனை ஆண்டும் எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருக்கலாம். ஜப்பானின் டோயாமா மாவட்டத்தில் ஜின்சூ ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியால் இத்தாய்-இத்தாய் நோய் வந்த பெண்களுக்குக் கெட்டது சிறுநீரகமும் எலும்பும்தான். இருமினால்கூட எலும்பு முறிந்தது. 'ஈரல் நன்றாக இருக்கிறது' என்று அவர்களுக்குச் சான்று கொடுத்திருந்தால் அது பொய்யாக இருந்திருக்காது, பயனற்றதாக இருந்திருக்கும்.

இனி நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு வருவோம். இங்கே பெருவாரியாக நடக்கும் சோதனைக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. விஸ்டார் எலிகள், நான்கு குழுக்கள். ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்கு உலோகம், ஒன்றுக்கு மூலிகைச் சாறும் உலோகமும், ஒன்றுக்குச் சாறு மட்டும். கீழாநெல்லி, முருங்கை, பூண்டு, மஞ்சள் என்று சாறு மாறும், முடிவு மாறாது: உலோகக் குழுவில் எஸ்.ஜி.பி.டி. ஏறியது, சாறு கொடுத்த குழுவில் இறங்கியது, ஆகவே ஈரல் காக்கப்பட்டது. உலோகத்தின் அளவைப் பாருங்கள். காட்மியத்தில் கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் ஊசியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2010-இல் வகுத்தபடி ஒருவர் ஒரு மாதத்தில் கிலோ எடைக்கு 25 மைக்ரோகிராம் வரை காட்மியம் உட்கொள்ளலாம். உணவில் உள்ளதில் குடல் உறிஞ்சுவது சுமார் ஐந்து சதவீதம். கணக்குப் போட்டால், அந்த வரம்பு வரை ஒருவர் தவறாமல் சாப்பிட்டால் 200 ஆண்டுகளில் ரத்தத்தில் சேரக்கூடியதை அந்த எலிக்கு ஒரே ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். இப்படி அடித்தால்தான் சில நாட்களுக்குள் எஸ்.ஜி.பி.டி. ஏறும், கட்டுரை எழுத வசதியாக இருக்கும். பெரிய அளவு கொடுத்தால்தான் கேடு நடக்கும் விதம் புரியும் என்பார்கள். புரியும்தான், மெட்டலோதயோனினே அப்படித்தான் புரிந்தது. ஆனால் மருந்தின் பயனை அப்படி நிறுவ முடியாது. சாறு எப்படி வேலை செய்தது? குடலிலேயே உலோகத்தைப் பிடித்து மலத்தில் தள்ளியிருக்கலாம், அது உண்மையான நன்மை. அல்லது துத்தநாகத்தைப் போல ஈரலை மெட்டலோதயோனின் செய்யத் தூண்டி உலோகத்தை உள்ளேயே கட்டிவைத்திருக்கலாம். இரண்டிலும் எஸ்.ஜி.பி.டி. இறங்கத்தான் செய்யும். எது நடந்தது என்று அறிய ஈரலிலும் சிறுநீரகத்திலும் எவ்வளவு உலோகம் தங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த அட்டவணை இல்லாத கட்டுரையை வைத்து 'உலோக நஞ்சை முறிக்கும் மூலிகை' என்று தலைப்புப் போடும் பத்திரிகைக்காரர்களும் குற்றவாளிகள்தான். நாங்களும் சேர்த்தி.

சித்த மருந்துகளைப் பற்றிய வாதத்திலும் இதே தாள்தான் சாட்சியாக வருகிறது. பாதரசம் உள்ள லிங்கம், ஆர்சனிக் உள்ள தாளகம், மனோசிலை ஆகியவை சேரும் செந்தூரங்களையும் பற்பங்களையும் எலிக்கு 28 நாளோ 90 நாளோ கொடுத்து, ஈரல் எண்களில் மாற்றமில்லை, ஆகவே பாதுகாப்பானது என்று முடிக்கும் ஆய்வுகள் உண்டு. முறையாகச் சுத்தி செய்த மருந்தில் பாதரசம் கந்தகத்தோடு இறுகிக் கிடப்பதால் குடல் அதை அவ்வளவாக உறிஞ்சாது என்பது சித்த மருத்துவர்களின் வாதம். லிங்கத்தைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. மற்ற பாதரச உப்புகளோடு ஒப்பிட்டால் அது கரைவது மிகக் குறைவு. ஆனால் கரைகிற அந்தச் சொற்பம் போய்த் தங்குவது முக்கியமாகச் சிறுநீரகத்தில். அங்கே நடப்பதற்கு ஈரலைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. ஆர்சனிக் சேர்ந்த மருந்துக்கு 90 நாள் சோதனை போதுமா என்று கேட்டால், கொல்கத்தாச் சுண்டெலிகளின் கணக்குப்படி குளூட்டாதயோன் குறைந்தது தெரியவே ஆறு மாதம் ஆயிற்று. மருந்தில் உள்ள அளவும் வடிவமும் வேறு என்று சொன்னால், அந்த அளவிலும் அந்த வடிவத்திலும் ஓராண்டு கொடுத்துப் பார்ப்பதே அதற்குப் பதில். எதிர்த்தரப்பும் நிதானிக்க வேண்டும். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. டப்பாவில் என்ன இருந்தது என்பதை அது காட்டியது. சாப்பிட்டவர் உடம்பில் என்ன ஆயிற்று என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல.

ஐயம் இருப்பவர் என்ன செய்வது? பேட்டரி, முலாம், ஈயம் உருக்கும் பட்டறைகளில் வேலை செய்பவரோ நாட்பட உலோக மருந்து சாப்பிட்டவரோ எல்.எஃப்.டி.யோடு நின்றுவிடாமல் அந்தந்த உலோகத்தையே அளக்கச் சொல்ல வேண்டும். ஈயத்துக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காட்மியத்துக்குச் சிறுநீர். அதோடு பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதம் சிறுநீரில் கசிகிறதா என்றும் பார்த்தால் சிறுநீரக நுண்குழலின் நிலை முன்கூட்டியே தெரியும். பாதரசத்துக்கு இரண்டும் தேவைப்படலாம். ஆர்சனிக் ரத்தத்தில் சில மணி நேரத்துக்குமேல் நிற்பதில்லை. அண்மையில் உள்ளே போனதற்குச் சிறுநீரும், மாதக் கணக்கில் போனதற்கு நகமும் முடியும் சாட்சி. சிறுநீரில் மொத்த ஆர்சனிக் பார்ப்பதாக இருந்தால் அதற்கு முன் மூன்று நான்கு நாள் மீன், இறால், நண்டு வேண்டாம். கடலுணவில் இருக்கும் கெடுதல் செய்யாத ஆர்சனிக்கும் அந்த எண்ணில் சேர்ந்து ஏறிக்கொள்ளும்.